குழாயை எடுக்கச் சொல்லலாமா?



தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளை நம்மில் பலர் அறிவோம். அதில் உட்கார்ந்து இரவைக் கழித்தவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கிறிஸ்தவர்கள் இன்றைய உலகில் அறநெறி முடிவுகளை எப்படி எடுப்பது என்ற கேள்வியை நூலகத்தில் உட்கார்ந்து பேசுவதைவிட அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒரே வீட்டில் நடந்த கதை அல்ல. பல வீடுகளில் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. மூளையில் இரத்தக்கசிவு. மருத்துவமனையில் சேர்த்து 19 நாள்கள் ஆகிவிட்டன. முதல் நாளே வெண்டிலேட்டர் வைத்தார்கள். பத்தாம் நாள் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். நினைவு திரும்பவில்லை. மூத்த மகன் வயலை அடமானம் வைத்துவிட்டார். மகளின் நகை வங்கிக்குப் போய்விட்டது. இளைய மகன் குவைத்திலிருந்து போனில், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அப்பாவைக் காப்பாத்துங்க" என்கிறார். அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறார். மருத்துவர் மூத்தவரைத் தனியே அழைத்து, "முன்னேற்றம் எதுவும் இல்லை. இனி வரும் என்றும் எங்களால் சொல்ல முடியவில்லை. வீட்டில் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள்" என்கிறார்.

அன்று மாலை மூத்தவர் பங்குத் தந்தையிடம் வந்து கேட்கிறார்: "குழாயை எடுக்கச் சொன்னா அது கொலை தானே சாமி?"

நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. மூச்சு நின்றால் நின்றதுதான். உறவினர்கள் கட்டிலைச் சுற்றி முழந்தாளிட்டு நன்மரணத்திற்காகச் செபித்தார்கள், சூசையப்பரை வேண்டினார்கள், மெழுகுதிரி ஏற்றினார்கள். சாவு தானாக வந்தது. இன்று அது எப்போது வரலாம் என்று நம்மிடம் கேட்பதுபோல மருத்துவமனை கையெழுத்துக்குத் தாள் நீட்டுகிறது. விவிலியத்தில் வெண்டிலேட்டர் என்ற சொல் இல்லை. பத்துக் கட்டளைகளில் ஐந்தாவது கட்டளை இருக்கிறது, நான்காவதும் இருக்கிறது. ஆனால் இந்த இரவில், இந்தக் கட்டிலருகே, அந்த இரண்டும் நம்மிடம் என்ன கேட்கின்றன?

இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு குறுக்கு வழிகள் நம்மை இழுக்கும். ஒன்று, யாராவது ஒரு சட்டத்தைச் சொல்லிவிட்டால் போதும், அதன்படி செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது. மற்றது, "என் மனசாட்சிக்குச் சரின்னு பட்டது, செஞ்சேன்" என்று சொல்லி எந்தக் கேள்விக்கும் இடம் கொடுக்காமல் போவது. முதலாவது வழியை ஆண்டவர் இயேசுவே கண்டித்தார். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்ற காணிக்கையைப் பற்றி அவர் பேசுவதை நினைவில் கொள்வோம். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு தாய் தகப்பனைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மனச்சான்றைப் பின்பற்ற வேண்டும் என்று திருச்சபையே சொல்கிறதே என்று கேட்பீர்கள். ஆம், சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 16ஆம் எண்ணில், மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்ற பொருளில் மனச்சான்றைப் பற்றிப் பேசுகிறது. அந்த அறையில் நாம் தனியாக இல்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். அங்கே ஒருவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம். காதைப் பழக்காதவருக்கு அந்தக் குரலும் சொந்த ஆசையின் குரலும் ஒன்றாகவே கேட்கும். அதனால்தான் மனச்சான்றுக்குப் பயிற்சி வேண்டும், அது ஆயுள் முழுவதும் நடக்கும் வேலை என்று மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. குவைத்திலிருக்கும் இளையவரின் மனச்சான்று பேசுகிறதா, அல்லது ஆறு வருடமாக அப்பாவைப் பார்க்க வராத குற்ற உணர்வு பேசுகிறதா? மூத்தவரின் மனச்சான்று பேசுகிறதா, அல்லது அடமானம் வைத்த வயல் பேசுகிறதா? வெளியே இருக்கும் நாம் தீர்ப்பிட முடியாது. அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாலமோன் அரசர் ஆண்டவரிடம் கேட்டது நீண்ட ஆயுளை அல்ல, செல்வத்தையும் அல்ல. நன்மை தீமையைப் பகுத்தறியும், செவிசாய்க்கும் இதயத்தைக் கேட்டார். அரசர்கள் முதல் நூல் 3ஆம் அதிகாரத்தில் அந்த மன்றாட்டு முடிந்த உடனேயே ஒரு குழந்தையும் இரண்டு பெண்களும் அவர் முன் வந்து நிற்கிறார்கள். அவரிடம் சட்டப் புத்தகம் இருந்தது. ஆனால் அந்த வழக்குக்கு விடை அதில் இல்லை.

இனி மூத்தவரின் கேள்விக்கு வருவோம். திருச்சபைக்கு இது புதுக் கேள்வி அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமாங்காவில் பாடம் நடத்திய தொமினிக்கன் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா இதை ஆராய்ந்தார். உயிரைக் காப்பது கடமை, ஆனால் மருத்துவர் சொன்னார் என்பதற்காக விலையுயர்ந்த உணவையெல்லாம் உண்டாக வேண்டும் என்றோ, பிழைப்புக்கு இருப்பதையெல்லாம் விற்று மருந்து வாங்கியாக வேண்டும் என்றோ யாருக்கும் கட்டாயம் இல்லை என்பது அவர் முடிவு. கோழி இறைச்சியை அவர் உதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு அது பணக்காரர் உணவு. இன்று கோழி எல்லோர் வீட்டிலும் கொதிக்கிறது, அந்த இடத்தில் ஐ.சி.யூ. கட்டணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பயஸ் மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஓர் உரை வழங்கினார். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த ஒரு மருத்துவர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில் அது. செயற்கைச் சுவாசக் கருவி அப்போதுதான் மருத்துவமனைகளில் பரவிக்கொண்டிருந்தது. நினைவு திரும்பும் நம்பிக்கை இல்லாதவருக்கு அதை வைத்தே ஆக வேண்டுமா, வைத்ததை எடுக்கலாமா என்பதே அந்த மருத்துவரின் கவலை. நம் மூத்தவரின் கவலையும் அதேதான். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து வழக்கமானவை என்று சொல்லத்தக்க, தனக்கோ பிறருக்கோ கடும் சுமையாகாத வழிகளைப் பயன்படுத்துவதே கடமை என்றார் திருத்தந்தை. அந்த முயற்சி குடும்பத்தின்மேல் மனச்சான்றுப்படி சுமத்த முடியாத சுமையாகிவிட்டால், அதை நிறுத்தும்படி குடும்பத்தார் கேட்கலாம், மருத்துவரும் அதற்கு இசையலாம் என்றும் சொன்னார். இது இன்று நேற்று வந்த சலுகை அல்ல. வத்திக்கான் சங்கத்துக்கு முன்பே, நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டது. ஆனாலும் நம் பங்குகளில் இதை அறிந்தவர்கள் குறைவு. அதற்குப் போதகர்களாகிய நாமும் பொறுப்பு.

மறைக்கல்வி ஏட்டின் 2278ஆம் எண் இதையே சுருக்கமாகச் சொல்கிறது. பெரும் சுமையான, ஆபத்தான, அசாதாரணமான, கிடைக்கப்போகும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது முறையானதாக இருக்கலாம். அப்படி நிறுத்துகிறவர் சாவை விரும்பவில்லை, அதைத் தடுக்கத் தம்மால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறார்.

இந்த வேறுபாடு வெறும் வார்த்தை விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். குழாயை எடுத்தாலும் ஊசி போட்டாலும் அப்பா இறக்கத்தானே போகிறார் என்பார்கள். நம் மண்ணிலிருந்தே ஒன்றைச் சொன்னால் வேறுபாடு விளங்கும். தமிழகத்தின் தென் மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்ததை நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன. படுக்கையில் விழுந்த முதியவருக்கு உடலெங்கும் எண்ணெய் தேய்த்து, தலையில் குளிர்ந்த நீரை ஊற்றி, இளநீரைக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் உயிர் போகும். செய்கிறவர்கள் பலர் அதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. "கிடந்து சீரழியாம போகட்டும்" என்று இரக்கத்தோடுதான் செய்கிறார்கள். எண்ணெய் நல்லதுதான், இளநீர் நல்லதுதான், சொல்லும் நோக்கமும் இரக்கம்தான். ஆனாலும் அந்தச் செயல் எதைக் குறிவைக்கிறது? அந்த முதியவர் இல்லாமல் போவதை. குழாயை எடுப்பவர் பயனற்றுப்போன ஒரு சிகிச்சையை நிறுத்துகிறார். குழாயை எடுத்தபின் அப்பா தானாக மூச்சுவிடத் தொடங்கினால் அவர் மகிழ்ச்சியில் அழுவார். இளநீர் கொடுத்தவரோ, காய்ச்சல் வராவிட்டால் மறுநாளும் தலையில் தண்ணீர் ஊற்றுவார். நம் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்: அப்பா பிழைத்துக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சியா, ஏமாற்றமா?

இது கசப்பான கேள்விதான். சொத்து பிரிக்காமல் கிடக்கும் வீடுகளில் இன்னும் கசக்கும். முதியவர் என்பதற்காகவே, இனி உழைக்க மாட்டார் என்பதற்காகவே, சாதாரண நிமோனியாவுக்குக்கூட மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் விடுவதும் நம்மிடையே நடக்கிறது. அதற்கு இந்த உரையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். பத்து நாள் மருந்தில் குணமாகும் நோய்க்கு மருந்து கொடுப்பது 90 வயதிலும் கடமை.

வலி நிவாரணி பற்றி ஒரு வார்த்தை. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்து, புற்றுநோயாளி கதறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் உண்டு. துன்பத்தை ஒப்புக்கொடுத்தால் புண்ணியம் என்று ஆறுதலும் சொல்வார்கள். தம் துன்பத்தை ஒருவர் தாமாக ஒப்புக்கொடுக்கலாம், பிறருடைய துன்பத்தை ஒப்புக்கொடுக்க நாம் யார்? வலியைத் தணிப்பதற்காகக் கொடுக்கும் மருந்து ஒருவேளை ஆயுளைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தாலும், வேறு வழியில்லாதபோது அதைக் கொடுக்கலாம் என்று அதே 1957ஆம் ஆண்டு பிப்ரவரியில் 12ஆம் பயஸ் தெளிவுபடுத்தினார். வலி தணிப்புச் சிகிச்சையைச் சிறப்பான அன்புப் பணி என்றே மறைக்கல்வி ஏடு கருதுகிறது. கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இன்று இந்தியாவுக்கே வழிகாட்டி. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

உணவும் தண்ணீரும் வேறு கணக்கு. மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தாலும் அது உணவுதான். நோயாளியின் உடல் அதை ஏற்கும்வரை, அதனால் அவருக்குப் பயன் உள்ளவரை, கொடுப்பதுதான் முறை என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 2004ஆம் ஆண்டு சொன்னார். 2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அதை உறுதிப்படுத்தியது. சாகும் தறுவாயில் உடல் எதையும் ஏற்காத நிலை வரும். அப்போது கட்டாயப்படுத்தி ஊற்றுவது பராமரிப்பு ஆகாது. உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுவது பராமரிப்பு. அதே திருத்தந்தையின் கடைசி நாள்களை நினைவில் கொள்ளுங்கள். 2005 பிப்ரவரியில் மூச்சுத் திணறலுக்காக ஜெமெல்லி மருத்துவமனையில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க ஒப்புக்கொண்டவர், மார்ச் இறுதியில் நிலைமை மோசமானபோது மீண்டும் மருத்துவமனைக்குப் போகவில்லை. தம் அறையிலேயே இருந்து ஏப்ரல் 2ஆம் நாள் இரவு இறைவனடி சேர்ந்தார். முதலில் சிகிச்சையை ஏற்றதும் விசுவாசம்தான், பின்னர் போதும் என்றதும் விசுவாசம்தான்.

யார் முடிவெடுப்பது? நோயாளி நினைவோடு இருந்தால் அவர்தான். இதை நம் குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை அப்பாவைத் தவிர தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். அவருக்கு நினைவு இல்லாதபோது பிள்ளைகள் தேட வேண்டியது தங்கள் விருப்பத்தை அல்ல, அவர் விருப்பத்தை. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் இறுதிக் காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எழுதிவைக்காதவர் விஷயத்திலும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து, குடும்பத்தின் இசைவோடு சிகிச்சையை நிறுத்த வழி உண்டு. ஊசி போட்டு உயிரை எடுப்பது நம் நாட்டில் இன்றும் குற்றம். திருச்சபையும் அதை எந்நாளும் ஏற்காது. உயிலில் வயலையும் வீட்டையும் எழுதும் நாம் இந்த ஒரு பக்கத்தையும் எழுதலாம். எழுத மனம் வராவிட்டால், ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்தபின் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அபசகுனம் என்று யாராவது தடுத்தால், ஒவ்வோர் அருள்நிறை மந்திரத்திலும் நாம் மரண நேரத்தைச் சொல்லித்தான் மாதாவை வேண்டுகிறோம் என்று நினைவூட்டுங்கள்.

பங்குத் தந்தையை நேரத்தோடு கூப்பிடுங்கள். அவஸ்தைப்பூசுதல் என்று பழைய பெயர் இருந்ததாலோ என்னவோ, சாமியார் வந்தாலே ஆள் போய்விடுவார் என்ற பயம் இன்னும் போகவில்லை. நோயில்பூசுதல் நோயாளிக்கு உரியது, பிணத்துக்கு உரியது அல்ல. முடிவெடுப்பதற்கு முன்பே அவர் வந்தால், குடும்பமே ஒன்றாகச் செபித்துவிட்டுப் பேச முடியும். சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி, செபத்துக்குப் பின் தணிந்து பேசுவதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குடும்பமும் அப்படித்தான் உட்கார்ந்தது. மகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்தபோது அப்பா சொன்னாராம்: "என்னை அப்படிப் போட்டு வைக்காதீங்கம்மா. வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க." அம்மாவும் தலையசைத்தார். அவரிடமும் சொல்லியிருக்கிறார். மருத்துவரிடம் மூன்று முறை கேட்டார்கள், பிழைக்க வழியே இல்லையா என்று. மருத்துவக் குழுக்களும் அதையே சொன்னபின் டயாலிசிஸ் நின்றது. குருவானவர் வந்து எண்ணெய் பூசினார். பிறகு குழாயை எடுத்தார்கள். அப்பா முப்பது மணி நேரம்போலத் தானே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டு முற்றத்துக் கட்டிலில், அம்மாவின் கை அவர் நெற்றியில் இருக்கும்போது அடங்கினார்.

இளையவர் மறுநாள் வந்து இறங்கினார். "நான் வர்ற வரைக்கும் ஏன் வைக்கலை?" என்று கேட்டார். அதற்கு மூத்தவரிடம் பதில் இல்லை. முடிவு சரியானது, ஆனால் இரண்டு நாள் காத்திருந்திருக்கலாம், அதில் எந்தப் பாவமும் இருந்திருக்காது என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அவர் சொல்ல வந்தது அதைத்தான், குழாயை எடுத்ததை அல்ல. முப்பதாம் நாள் திருப்பலிக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒரே பெஞ்சில், நடுவில் அம்மாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.